நீலாவதி குடம்

அறுவத்தேழுல, விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில சூளை வேலை பாத்த நடராசனுக்குக் கனகா ரெண்டாந்தாரமா வந்தா. பொறந்த வூட்டுச் சீரு ஒரு அலுமினியக் குண்டான். மூத்தவ நீலாவதி செத்து வருசம்கூடத் திரும்பல. அவ சீராக் கொண்டுவந்த செப்புக்குடம் அடுப்படியில ஜம்முனு உக்காந்திருந்துது. கழுத்துக்குக் கீழ அவ பேரு வெட்டியிருந்துது.

தண்ணி எடுக்கிறப்பல்லாம் அந்தப் பேரு கனகா இடுப்புல உறுத்தும். பக்கத்துல தன் பேரையும் வெட்டித் தரச்சொல்லிக் கேட்டா. நடராசன் பீடியப் பத்த வெச்சிட்டு எழுந்து போயிட்டான். இந்த வூட்டுல தான் யாருன்னு அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு.

சரி, அழிச்சிடுவோம்னு கெளம்பினா. கம்பெனிக்குப் பின்னாடி கொட்டிக் கெடந்த ஒடைஞ்ச கப்பு, சாசருச் சில்லைப் பொறுக்கியாந்து நுணுக்கி, புளியும் உப்பும் சேத்துக் கை எரிய எரியத் தேச்சா. குடந்தான் செக்கச்செவேல்னு ஆச்சு. எழுத்துப் பள்ளத்துல கறுப்பு அப்பிடியே நின்னுடுச்சு. முன்னைக்கு இப்ப நீலாவதி எட்டூருக்குத் தெரிஞ்சா. இந்த அநியாயத்தை எங்க போயிச் சொல்றது!

அப்புறம் வேற யோசனை பண்ணினா. குடிக்கிற தண்ணியாச்சேன்னு உள்பக்கத்தை மட்டும் வெளக்கிட்டு, வெளிப்பக்கத்தை ஈரத்தோட வுட்டுட்டா. செம்பு காத்தும் ஈரமும் பட்டா சும்மா இருக்குமா? மங்குச்சு, கறுத்துச்சு, பச்சையாக் களிம்பு பூத்துச்சு. பேரு அதுல முழுவிப்போச்சு. கனகாவுக்கு நிம்மதியாத் தூக்கம் வந்துது.

தின்ன தட்டைக்கூட நவுத்தாத மனுசன், ஒரு ஞாயித்துக்கிழமை கெணத்தடியில குத்துக்கால் வெச்சு உக்காந்திருந்தான். முன்னால அந்தக் குடம். புளிக்கரைசலத் தொட்டு உள்ளங்கையால பூவாத் தேச்சான். வெளக்கமாத்துக் குச்சிய ஒடைச்சு எழுத்தெழுத்தாக் களிம்ப எடுத்தான். அந்தக் கை தன் மேல ஒருநாளும் அவ்வளவு பதனமாப் பட்டதில்ல. கனகா பின்வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தா.

துணியால தொடச்சுட்டு, அவளைப் பாக்காமலே சொன்னான்.

"ஈரத்தோட வெச்சா கறுக்கத்தான் செய்யும். தொடச்சி வெக்கணும்னு அவ சொல்லுவா."

மூத்தவளப் பத்தி அவன் வாயத் தொறந்தது அன்னைக்குத்தான்.

மத்தியானம் சோத்துக்கு உக்காந்தவனுக்குக் குண்டான்லேருந்து தண்ணி மொண்டு வெச்சா. ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரை நவுத்திட்டான். குடத்துல ரொப்பியாரச் சொன்னான்.

கெணத்தடியில ரொப்புனா. தூக்குறதுக்கு முன்னாடி, முந்தானையால குடத்தைச் சுத்தித் தொடச்சா. அந்தப் பேரு மேலயும் ஒரு சொட்டு ஈரமில்லாமத் தொடச்சா.