எழுதாம விட்ட எம்.எஸ்.சி.

அம்மா, வியாழக்கிழமையிலருந்து ஜினிஷா எனக்க ஃபோன எடுக்கல்ல, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் என்ன சண்டைன்னு கேட்டிய. சண்டை ஒண்ணும் இல்ல. நான் ஒரு காரியம் சொன்னேன், அது அவளுக்குத் தாங்கல்ல. உங்களுக்கும் அப்பாவுக்கும் சொல்லாம இனி வச்சிருக்க முடியாது.

கையில தோல் உரிஞ்சு கெடக்கு, டைப் பண்ண முடியல்ல. வாயால சொல்லச் சொல்ல ஃபோனே எழுதுது. அப்பாவ கண்ணாடி போட்டு பய்ய வாசிக்கச் சொல்லுங்க.

நான் லேப்ல இல்லம்மா. கம்பெனி பெயிண்டு கம்பெனிதான், அதுல லேபும் உண்டு. ஆனா நான் பெயிண்டு கலக்குத டாங்கி கழுவுத ஆளு. உள்ள எறங்கி ஒட்டிப்பிடிச்சத சொரண்டி எடுத்துத் தொடைக்கணும். ஒரு டாங்கி பெயிண்டு கலக்கி முடிஞ்சா கப்புல கொஞ்சம் எடுத்து லேப் சன்னல்ல கொண்டு வைக்கணும். எனக்கும் லேபுக்கும் உள்ள பந்தம் அவ்வளவுதான்.

எம்.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடிச்சு ரெண்டு வருசம் நான் அலைஞ்சது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல பி.எட். கேட்டினும். மருந்துக் கம்பெனியில அனுபவம் கேட்டினும். களியக்காவிளை ஏஜெண்டு சொன்னான், "ஹெல்பர் விசா ஒண்ணு கெடக்கு. பயோடேட்டாவுல பிளஸ் டூன்னு மட்டும் எழுது மக்கா. எம்.எஸ்.சி.ன்னு கண்டா இவன் சாக்கு சொமக்க மாட்டான், மூணு மாசத்துல ஓடிருவான்னு தள்ளிருவினும்." நானும் பிளஸ் டூன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன். உள்ள போயிட்டா பெறகு லேபுக்கு மாறிக்கிடலாம்னு நெனச்சேன். படிக்காதவன் படிச்சேன்னு எழுதுவான். நான் படிச்சத மறைச்சு எழுதினேன்.

இஞ்ச வந்து எறங்கின அன்னைக்கு, என்ன கம்பெனின்னு நீங்க கேட்டிய. பெயிண்டு கம்பெனி, பெரிய லேப் உண்டும்மான்னு சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமையே நீங்க ஸ்தோத்திர காணிக்கை வச்சு, மகன் பெர்லினுக்கு ஷார்ஜாவுல கெமிஸ்ட் வேலைன்னு சீட்டு எழுதிக் குடுத்து சபையில வாசிச்சாச்சு. சபையில வாசிச்சத நான் எப்படிம்மா இல்லன்னு சொல்ல? வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு போட்டோ அனுப்பினேன். அதோட எனக்க வாய் அடைஞ்சு போச்சு.

போன மாசம் ஒரு டாங்கி பெயிண்டு கஞ்சித்தண்ணி மாதிரி ஆயிப்போச்சு. லேப் மேனேஜர் கிருஷ்ணமணி சார், பாலக்காட்டுக்காரர், தலையில கைய வச்சு நிக்காரு. நான் சும்மா இருந்திருக்கலாம். "பி.ஹெச் கொறஞ்சிருக்கும் சார், அமோனியா கொஞ்சம் ஊத்திப் பாருங்க"ன்னு சொல்லிட்டேன். ஊத்தினாவ, பெயிண்டு பழையபடி கட்டியாச்சு. நீ யாருடான்னு கேட்டாரு. எம்.எஸ்.சி.ன்னு சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரல்ல, சர்டிபிகேட்ட ஃபோன்ல காட்டினேன். லேப்ல ஒருத்தன் வேலைய விட்டுப் போறான், அந்த எடத்துக்கு உனக்க பேர ஆபீசுக்கு எழுதிக் குடுக்கேன்னாரு.

அன்னையிலருந்து கூட உள்ளவனுவ என்ன புரொபசர்னுதான் கூப்பிடினும். தேங்காப்பட்டணம் நஸீம் டாங்கிக்கு மேல நின்னு, "ஏலே புரொபசரே, இந்த அழுக்குக்கு என்ன பார்முலா?"ன்னு கேப்பான். நானும் சிரிச்சேன். ஆபீஸ்ல இருந்து பதில் வந்தா நான் உங்ககிட்ட சொன்னது எல்லாம் உண்மையாயிரும்லா, அந்த சந்தோசம்.

அப்பம்தான் போன திங்கக்கிழமை ஜினிஷா கூப்பிட்டா. நர்சிங் சீட்ட விடப்போறேன் அண்ணா, பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி சேரப்போறேன், படிச்சிட்டு உனக்க லேபுக்கே வாறேன்னா. நர்சிங்குக்கு பணம் கட்ட வியாழக்கிழமை மூணு மணி வர டைம் உண்டாம். அன்னைக்கே நான் உள்ளதச் சொல்லியிருக்கணும். ரெண்டு நாள் யோசிச்சிட்டு முடிவெடு மக்கான்னு மட்டும் சொன்னேன். ஆபீஸ் பதில் வரட்டும்னு காத்திருந்தேன். வேலை கெடச்சிட்டா சொல்லவே வேண்டாமேன்னு ஒரு பேராசை. செவ்வாய் பதில் இல்ல. புதன் இல்ல.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீசுக்குக் கூப்பிட்டினும். எனக்க பயோடேட்டாவ மேசையில எடுத்து வச்சிருந்தினும். பிளஸ் டூ, கீழ எனக்க கையெழுத்து. இது பொய்யா, எம்.எஸ்.சி. பொய்யான்னு கேட்டினும். எம்.எஸ்.சி. உண்மைன்னேன். அப்பம் நீ கம்பெனிக்குப் பொய் எழுதிக் குடுத்திருக்கன்னு வார்னிங் லெட்டர் தந்தினும். லேபுக்கு வேற ஆள எடுத்தாச்சு. கிருஷ்ணமணி சார் வெளிய வந்து எனக்க தோள்ல கைய வச்சாரு.

நான் ஓடிப் போய் ஜினிஷாவ கூப்பிட்டேன். இஞ்ச ஒரு மணி, அங்க ரெண்டரை. சீட்ட விடாத மக்கா, நான் லேப்ல இல்ல, டாங்கி கழுவுகேன்னு ஒரே மூச்சுல சொன்னேன். அவ மெள்ளச் சொன்னா, "நான் காலையிலயே போய் சீட்டு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன் அண்ணா. வெயிட்டிங் லிஸ்டுல நின்ன பிள்ள பணமும் கட்டியாச்சு."

என்னைத் திட்டுவான்னு நெனச்சேன். திட்டல்ல. போட்டோவுல போட்டிருந்த கோட்டு யாருக்கதுன்னு கேட்டா. லேப்ல ஒருத்தன்கிட்ட அஞ்சு நிமிசத்துக்கு வாங்கினதுன்னு சொன்னேன். பெறகு ஒண்ணு கேட்டா.

"அப்பம் கெமிஸ்ட்ரி படிச்சா என்ன வேல கெடைக்கும் அண்ணா?"

எனக்குத் தெரியாததா? பி.எட். எடுத்தா டீச்சர். ஐதராபாத்துல மருந்துக் கம்பெனி. தண்ணி டெஸ்ட் பண்ணுத லேப். எனக்க கூடப் படிச்சவனுவ இந்த வேலையெல்லாம் பாக்கத்தான் செய்யினும். கஷ்டப்பட்டாலும் படிச்ச படிப்பச் சொல்லித்தான் ஒவ்வொருத்தனும் வேலைக்குக் கேறினான். இத அவகிட்ட சொல்ல வாயத் தொறந்தேன். நான் சொன்னா அவ நம்பணும்லா அம்மா? அவளே "செரி, பஸ் வருது"ன்னு வச்சிட்டா.

வாற திங்கக்கிழமை அவளுக்கு காலேஜ் தொறக்கும். சேரட்டும், நல்ல படிப்புதான், அவ நல்லாவே படிப்பா. வழி கேக்கணும்னா அங்க உள்ள சாரம்மார்கிட்ட கேக்கட்டும். அப்பா சத்தம் போட்டா என்னையே போடச் சொல்லுங்க, அவள ஒண்ணும் சொல்லாண்டாம்.

நான் கூப்பிடும்போ அவ கையில ஃபோன நிர்பந்திச்சுக் குடுக்காதிய. அவளா எடுத்தா எடுக்கட்டும்.