பன்றிக் கொட்டடியிலிருந்து ஒரு பூங்கிளை

பக்கத்து வீட்டு ஷோத்தாவைக் கண்டாலே சியாலாவுக்குக் குமட்டிக்கொண்டு வரும். மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பான், அதே கையால் ரொட்டியைப் பிய்த்து நீட்டுவான். போதாக்குறைக்கு, அவனுடைய புளிப்புப் பிளம் மரம் வேலி தாண்டி வந்து இவள் முற்றத்தில் பழத்தைக் கொட்டியது. விழுந்ததெல்லாம் நசநசவென்று அழுகும், குளவி மொய்க்கும். அதைத் தின்ன அவன் பன்றி வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். சே, என்ன பிறவிகளோ!

சியாலாவிடமும் ஒரு புளிப்புப் பிளம் மரம் இருந்தது. அதன் அடியில் ஒரு சருகு கிடக்காது. காயைப் பச்சையிலேயே பறித்து வேகவைத்து, பூண்டும் கொத்தமல்லியும் இடித்துப் போட்டு அவள் காய்ச்சும் ட்கெமலிச் சட்னி இல்லாமல் அந்த ஊரில் விருந்தே கிடையாது. மகள் நத்தியாவுக்கு வரன் பேசி வந்த நேரம். வருகிறவர்கள் இந்த அசிங்கத்தையா மிதிப்பது?

"யோவ், மரத்தை வெட்டுறியா, நானே கோடாலியைத் தூக்கட்டுமா?"

"வெட்டினா உனக்குத்தான் நஷ்டம், அக்கா."

"புழுத்த பழம் போனா எனக்கென்னய்யா நஷ்டம்?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். இலையுதிர் காலத்தில் மரத்தை வெட்டி அடுப்புக்கு அடுக்கினான்.

அடுத்த வசந்தத்தில் சியாலாவின் மரம் வெள்ளை வெளேரென்று பூத்தது. பூ உதிர்ந்தது. பேருக்குக்கூட ஒரு காய் பிடிக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்குக் கடையில் வாங்கிய ட்கெமலி பாட்டிலைத்தான் மேசையில் வைத்தாள்.

"இனிக்குதே, சம்பந்தி?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, தட்டைத் தள்ளியபடி.

சியாலாவுக்கு அந்த இடத்திலேயே துப்ப வேண்டும் போலிருந்தது. கல்யாணத்துக்கும் இந்தப் பாகுதானா?

மறுநாள் வேலிக்கு மேல் ஷோத்தாவின் தலை தெரிந்தது. "உன் மரம் தனியாக் காய்க்காது அக்கா. என் மரத்துப் பூந்தூளைத் தேனீ கொண்டாந்து போட்டாத்தான் உண்டு."

"அதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"நீதான் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னியே. காது மட்டும் தெறந்திருக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?"

அவனிடம் இன்னொரு மரம் இருந்தது. ஊருக்கு வெளியே, ஓடையோரத்துப் பன்றிக் கொட்டடிக்குப் பின்னால். மறு ஏப்ரலில் சியாலா கணுக்கால்வரை சாணிச் சேற்றில் இறங்கிப் போனாள். அவன் காறித் துப்பிவிட்டு, பூத்த கிளை ஒன்றை வெட்டி நீட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினாள். வாளித் தண்ணீரில் அதை நிறுத்தி, தன் மரத்தின் நடுக்கிளையில் தொங்கவிட்டாள். தேனீக்கள் வந்தன. மரம் கொள்ளாமல் காய்த்தது.

ஜூனில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா ஆட்டுக்கறியை ட்கெமலியில் தோய்த்துத் தின்று விரலை நக்கினாள். "அடேயப்பா! இது யாரு கைப்பக்குவம்?"

"என்னோடதுதான்," என்றாள் சியாலா.

"பாதி எங்க வீட்டது!" என்று மேசைக் கோடியிலிருந்து கத்தினான் ஷோத்தா, வாய் நிறைய மென்றபடி.

எல்லாரும் சிரித்தார்கள். சியாலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தடியன் சொன்னது உண்மை. இந்த வருஷம் மட்டுமில்லை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பெருமையாக ஊற்றிய ஒவ்வொரு கரண்டியிலும் அவன் வீட்டு மரம் இருந்திருக்கிறது. கரண்டியைத் தட்டில் போட்டாள். இருந்தாலும் புளிப்பு நாக்கில் சுள்ளென்று ஏறி, வாயெல்லாம் நீர் ஊறியது. ஷோத்தாவை முறைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.