கம்பெனி செட்டும் வெளி செட்டும்

வள்ளியப்பனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன பிறகுதான் அவர் மனைவி விசாலி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவருடைய வலது கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. வாடகை வண்டியில் ஏறச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் நின்ற வெள்ளைக் காரைக் கண்ணால் காட்டுவார். மகள் சாலா கல்லூரியில் சேர்ந்த வருடம் வாங்கிய கார் அது. அதைச் செய்த கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்டது. கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்த ஸ்டீரியோ கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. கேசட் போடும் வாய், பக்கத்தில் உருண்டையாக ஒரு திருகு, டாஷ்போர்டின் மேலே ஸ்டேஷன் எண்ணைப் பச்சை வெளிச்சத்தில் காட்டும் சின்னக் கண்ணாடி. அந்த நாட்களில் நெற்குப்பையில் இருந்த விசாலியின் பிறந்த வீட்டுக்குச் சாயங்காலம்தான் புறப்படுவார்கள். குன்றக்குடி தாண்டும்போது இருட்டத் தொடங்கும். பச்சை வெளிச்சம் வள்ளியப்பனின் மூக்கு நுனியில் விழும். பின் சீட்டில் இருக்கும் சாலா அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "அப்பச்சி, இலங்கை ஸ்டேஷன் வைங்க" என்பாள். அவர் திருகைத் திருப்பித் திருப்பித் தேடுவார். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்து வந்து போகும். விட்டுப்போன இடங்களை வள்ளியப்பனே அறிவிப்பாளர் குரலில் பேசி நிரப்புவார். சிரிப்பை அடக்க முடியாமல் விசாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இந்த ஆடியில் அந்த செட் ஒரேயடியாக இரைய ஆரம்பித்தது. சென்னையிலிருந்து சாலா போனில் சொன்னாள்:

"ஆத்தா, அதக் கழட்டிட்டு கடையில விக்கிற நல்ல வெளி செட்டா மாட்டிருங்க. போன்ல உள்ள பாட்டெல்லாம் அதுலயே வரும்."

"அப்பச்சி தொட்டுத் தொட்டுத் தேஞ்ச திருகுடி அது. கழட்ட எனக்கு மனசு வரல."

ஆனாலும் இரைச்சலோடு மதுரை வரை போய்வர முடியவில்லை. செக்காலை ரோட்டில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருந்த அழகுராஜாவிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வள்ளியப்பன் இடது பக்க முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அழகுராஜா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டுக்கும் வழி இருக்கு ஆச்சி. பழசையே சர்வீஸ் பண்ணலாம். வண்டி அழகு கெடாது. ஆனா சாமான் கெடைக்கிறதில்ல, மறுபடி போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. வெளி செட்டு மாட்டுனா சத்தம் தெளிவா இருக்கும். ஆனா மேல இருக்குற கண்ணாடி எரியாது. அது கம்பெனி செட்டோட சேந்ததுதான்."

"எரியவே எரியாதா?"

"எரியாது ஆச்சி."

"அப்பப் பழசையே பாருங்க தம்பி. அவுகளுக்கும் அதான் புடிக்கும்."

"எதுக்கும் ஒருதடவ கேட்டுப் பாத்துருங்களேன்" என்று அழகுராஜா ஒரு புது செட்டை எடுத்துவந்து தற்காலிகமாக வயர் கொடுத்தார். அதோடு வந்த சின்ன ரிமோட்டை சீட்டில் வைத்தார். பாட்டு கணீரென்று எழுந்தது.

வள்ளியப்பனின் இடது கை ரிமோட்டை எடுத்தது. கட்டைவிரல் ஒரு பொத்தானை அமுக்கியது. ஸ்டேஷன் மாறியது. இன்னொரு முறை அமுக்கினார். மறுபடி மாறியது. அழகுராஜா வாங்கக் கை நீட்டியபோது அவர் ரிமோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

விசாலிக்குச் சுருக்கென்றது. "என்னங்க, பழசு வேணாமா? நீங்க ஆசையா வச்சிருந்ததுல்ல?"

அவர் வலது கையை மெல்லத் தூக்கிப் பழைய செட்டின் திருகுமேல் வைத்தார். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. வழுக்கி மடியில் விழுந்தன. பிறகு இடது கையிலிருந்த ரிமோட்டை அவள் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

பழைய பாட்டு என்றால் அவருக்கு உயிர் என்று, மதுரை போகும்போதெல்லாம் ஒரே ஸ்டேஷனைத்தான் விசாலி வைத்திருந்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வருவதைப் பாட்டில் லயித்திருப்பதாகவே நினைத்திருந்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் வச்சதையேதான் கேட்டுட்டு வந்தீகளா?"

அவர் தலையாட்டினார். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட வாயில் சிரிப்பு வந்தது. விசாலியும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"புதுசையே மாட்டிருங்க தம்பி. அதுக்கு முன்னாடி பழசை ஒருதடவ போடுங்க."

அழகுராஜா போட்டார். பச்சை எண்கள் எரிந்தன. செட் இரைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விசாலியே கை நீட்டி அணைத்தாள்.

புது செட்டோடு கடையை விட்டுப் புறப்பட்டதும் வள்ளியப்பன் பொத்தானை அமுக்கத் தொடங்கினார். சினிமாப் பாட்டுகள் போயின. செய்தி போயிற்று. விளம்பரம் போயிற்று. எங்கோ ஒரு நாதஸ்வரக் கச்சேரியில் நிறுத்தி, ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு நாதஸ்வரம் பிடிக்கும் என்று விசாலிக்கு இதுவரை தெரியாது.

வீட்டுத் தெரு வந்தது. திரும்ப இண்டிகேட்டர் போட்டாள். சத்தம் கேட்டுக் கண் திறந்த வள்ளியப்பன், நேரே போகச் சொல்லி இடது கையை நீட்டினார்.

"எங்குட்டுப் போகணும்?" என்று கேட்டாள்.

அவர் மறுபடியும் நேரே காட்டினார். விசாலி இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேரே ஓட்டினாள்.