கோபிநாத் சொன்னதும் நான் சொன்னதும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் மைக்கில் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது.

‘நல்லேப்பிள்ளியில் மாலை வெயில் சாய்ந்து...’ சே, வேண்டாம். வெயிலுக்கும் வீட்டு வரிக் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

‘மொழிபெயர்ப்பாளர் மோகனசுந்தரம் மேடையேறினார்...’ இதுவும் வேண்டாம். மோகனசுந்தரம் நான்தான். பழியை யார் மேலோ போடுவது போல எழுத வெட்கமாக இருக்கிறது.

2

எதிர்க்கட்சித் தலைவர் கோபிநாத் மலையாளத்தில் பேசுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் நான் தமிழில் சொல்ல வேண்டும். (எல்லையோரத் தமிழ் ஊர் என்பதால் இங்கே எல்லாருக்கும் மலையாளம் தெரியும். ஆனாலும் தமிழில் சொன்னால்தான் மரியாதை. இந்த அடைப்புக்குறி எனக்கு மேடையிலேயே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.)

வீட்டு வரியை ஏற்றியதற்காக அரசாங்கத்தைக் கிழித்தார். நானும் கொஞ்சம் காரம் சேர்த்தே கிழித்தேன். அப்புறம் வீண்செலவுக்கு வந்தார்.

“நாலு பேருக்காக இந்த ஊரில் ஒரு வாய்க்கால் வேலை! அதை உடனே நிறுத்த வேண்டும்.”*

* இது மட்டும் சரியான மொழிபெயர்ப்பு. உங்களுக்காக, மைக்கில் அல்ல.

அந்த நாலு பேரில் ஒருத்தி மருதாத்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைமடையில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர். வாய்க்கால் அங்கே வந்து சேராவிட்டால் இந்த வருஷமும் நெல் கருகிவிடும். [அவளை இன்னும் பரிதாபமாகக் காட்டலாமா என்று யோசித்தேன். தெரிந்தால் என்னை உதைப்பாள்.]

மைக்கில் நான் சொன்னது இது: “வாங்குன வரிக்கு அந்த வாய்க்காலையாவது முழுசா முடிச்சுக் குடுங்கன்னு தலைவர் கேக்கறாருங்க.”

கைதட்டல் அடங்கவே இல்லை.

3

தமிழ் பிடிபடாத கோபிநாத்துக்கு ஒரே சந்தோஷம். கீழே இறங்கியதும் என் தோளைத் தட்டினார். வாய்க்காலுக்கு இவ்வளவு எதிர்ப்பா, சட்டசபையில் பேசி அந்த வேலையை நிறுத்தியே தீருவேன் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

பின்னால் நின்ற மருதாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“ஏனுங்க, மேடையில அவரு சொன்னதும் எங்களுக்குப் புரிஞ்சுதுங்க. நீங்க சொன்னதுக்குத்தான் கை தட்டுனோம்.”

4

முடிவு ஒன்று: நான் ஓடிப்போய் அவரிடம் உண்மையைச் சொல்கிறேன். (அந்தத் தைரியம் இருந்தால் நான் ஏன் உட்கார்ந்து கதை எழுதப்போகிறேன்?)

முடிவு இரண்டு: கோபிநாத் மறந்துபோகிறார். நடக்கக்கூடியதுதான், ஆனால் அதை நம்பி நாற்று விட முடியாது.

முடிவு மூன்று: மருதாத்தா...

அதற்குள் அவளே, “நீங்க தள்ளி நில்லுங்க. எனக்கும் மலையாளம் வருமுங்க” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். கண்ணாடி இறங்குகிறது. அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அவள் சொல்வதை உங்களுக்குத் தமிழில் சொல்ல மாட்டேன். என் மொழிபெயர்ப்பின் லட்சணத்தைத்தான் பார்த்தீர்களே. கிட்டே போய் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.