ஒட்டி வைத்த கேபிள்

மாமனாருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்ததிலிருந்து வீட்டு வாசலை உள்பக்கம் பூட்டியே வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டைக் கழற்றச் சொன்னவள் மருமகள்தான். அவளுக்கு ஆன்டெனா வடிவமைக்கும் வேலை.

மெல்லிய செம்புக் கம்பியை மடித்து, மடித்த ஒவ்வொரு துண்டையும் மறுபடி அதே மாதிரி மடித்து, நீளமான கம்பியைக் கட்டைவிரல் நகத்தளவு இடத்துக்குள் அடக்கியிருந்தாள். ஃபிராக்டல் வடிவம். செயற்கைக்கோள், செல்போன், வைஃபை மூன்றுக்கும் அது ஒன்றே போதும் என்றாள். ஆய்வகக் கருவியில் கேபிள் மாட்டி அளந்தபோது, திரையில் வரைகோடு மூன்று அலைவரிசையிலும் ஆழமாக இறங்கியது. ஆன்டெனா நன்றாக வேலை செய்தால் அப்படித்தான் இறங்கும். அதை ஒரு பொத்தான் போன்ற கருவிக்குள் வைத்து, மாமனாரின் சட்டைக் காலருக்குள் பொருத்தினாள்.

"மாமாவ எதுக்கு ஜெயில்ல போட்ட மாதிரி வெச்சிருக்கணும்? எங்க போனாலும் என் போன்ல காட்டும்."

அப்பாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட நாத்தனாருக்குத் தயக்கம். "நெசமாவா அண்ணி?"

"பின்ன, நான் என்ன கதையா விடறேன்?"

பூட்டைக் கழற்றினார்கள். அடுத்த வாரம், மருமகள் அலுவலகத்தில் அதே வரைகோட்டை அதிகாரிகளுக்குக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணி, அப்பாவக் காணோம். எங்க இருக்கார்னு பாத்துச் சொல்லுங்க, சீக்கிரம்!"

போனில் வெறும் வரைபடம். புள்ளி இல்லை. "கொஞ்சம் இரு, வந்துடும்," என்றாள். வரவில்லை.

நாத்தனார் செருப்புகூடப் போடாமல் தெருத் தெருவாக ஓடினாள். சாயங்காலம் பஸ் டெப்போவுக்குப் பின்னால், மழையில் நனைந்தபடி, முழங்கால் சிராய்த்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தாள்.

கணவன் தங்கை மீது பாய்ந்தான். "சார்ஜ் போட்டியா இல்லையா? அதக்கூட ஒழுங்கா செய்யத் தெரியாதா உனக்கு?"

"போட்டேன்னுதான் நெனைக்கிறேன்... மறந்துட்டேனோ என்னமோ." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஈரச் சட்டையிலிருந்து எடுத்த கருவி மருமகளின் கையில் இருந்தது. சார்ஜ் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் விரல்களை மூடிக்கொண்டாள். வாயையும்.

மறுநாள் ஆய்வகத்தில் ஆன்டெனாவை மறுபடி கேபிளில் மாட்டினாள். கேபிளைக் கையால் இறுக்கிப் பிடித்ததும் வரைகோடு இடம் மாறியது. முதல் தடவை அளந்தபோதும் கோடு ஆடத்தான் செய்தது. கேபிளை டேப் போட்டு மேசையோடு ஒட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அழகாக வந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டவள் அவளேதான். அலையைப் பரப்பியதில் பாதிக்கு மேல் ஆன்டெனா இல்லை, அந்தக் கேபிள்தான். கேபிள் இல்லாத சட்டைக் காலரில் ஆன்டெனா ஊமை.

தப்பாக அளந்ததைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். நேற்று மூடிய விரல்களை என்ன சொல்லிச் சமாளிப்பது? சக ஊழியர்கள் பேசவந்தபோது அவளால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அதிகாரியிடம் போய், காட்டிய அளவு தப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் நாத்தனார் அப்பாவின் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். கணவனும் இருந்தான்.

"நீ சார்ஜ் போட்டிருந்த," என்றாள் மருமகள். "என் ஆன்டெனாதான் சரியில்ல. சார்ஜ் இருந்தது நேத்தே எனக்குத் தெரியும்."

நாத்தனார் பஞ்சைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுமா, நான் திட்டு வாங்கறதப் பாத்துட்டு நின்னீங்க?"

மருமகளின் காது மடல் வரை சுட்டது. "ஆமா," என்றாள். கணவன் தங்கையைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யாரும்மா அழறது?" என்றார் மாமனார்.

"யாரும் இல்லப்பா. காலக் காட்டு." நாத்தனார் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பஞ்சை எடுத்தாள்.

அதன்பிறகு பல நாள் நாத்தனார் அவளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிர எதுவும் பேசவில்லை. பூட்டு பழைய இடத்துக்கு வந்தது. மருமகள் கேபிளே இல்லாமல், பேட்டரியில் ஓடும் கருவியை வைத்து அளக்க ஆரம்பித்தாள். புதிய ஆன்டெனா தீப்பெட்டி அளவுக்குப் பெருத்தது. இரண்டு அலைவரிசையில்தான் வேலை செய்தது.

"இதாவது காட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"ஆய்வகத்துல காட்டுச்சு. தெருவுல தெரியல. மாமாவோட நாமளும் நடந்து பாக்கலாமா?"

மூவரும் நடந்தார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் புள்ளியும் கூடவே நகர்ந்தது. மருமகள் போனை நாத்தனாரிடம் நீட்டினாள். அவள் ஒருமுறை பார்த்துத் தலையை ஆட்டினாள். அப்பாவின் கையை மட்டும் விடவில்லை.