மாதத்தில் பத்தொன்பது நாள்

கல்முனையில் டொக்டரிடம் காட்ட வந்த இடத்தில் இருபது கதிரை கிடந்தும் நான் நின்றுகொண்டிருந்தேன். கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும் இல்லை, அவ்வளவுதான். நான்கு வருடமாக எங்கே போனாலும் முதலில் அந்தக் கதவைத்தான் என் கண் தேடுகிறது. கலியாண வீடானாலும் சரி, மையித்து வீடானாலும் சரி.

"இரி ஜெனூபா, என்னத்துக்கு நிண்டுக்கிட்டு நிக்காய்?" என்றார் என் கணவர் றிஸ்கான். "ரத்தம் போற உடம்பு, மயங்கி விழப்போறாய்."

இரத்தம் போகிறதாம். இவருக்கு மட்டுமல்ல, என் உம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் எனக்கு அந்த நோய்தான். உண்மையில் எனக்கு எல்லாப் பெண்களுக்கும் போல மாதத்தில் ஐந்து நாள்தான். நோய் வேறு இடத்தில் இருந்தது.

என் மகள் அப்னா நாலு கிலோ நிறையோடு பிறந்தாள். கிழிந்தது, தைத்தார்கள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்து எழும்பி நடமாடத் தொடங்கியபோதுதான், காற்றையும் மலத்தையும் என்னால் அடக்க முடியவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் பால் வருகிறதா என்று கேட்டார், பிள்ளையின் நிறையைக் கேட்டார். இதைக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றை நானாக எந்த வாயால் சொல்வது?

கை, முகம், கால் கழுவி வுழு எடுத்துத் தொழுகைக்கு நிற்பேன். நெற்றியை நிலத்தில் வைக்கச் சுஜூதுக்குக் குனியும்போது காற்றுப் பிரிந்து வுழு முறிந்துவிடும். திரும்ப எடுப்பேன், திரும்ப முறியும். ஒரு பகல் லுஹர்த் தொழுகைக்கு நான்கு தரம் எடுத்த நாளும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அதை ஒரு மௌலவியிடம் கேட்பதென்றால் முதலில் விசயத்தைச் சொல்ல வேண்டுமே!

ஒரு நாள் உம்மா, "தொழல்லயா?" என்று கேட்டா. "தொழுகையில்ல உம்மா" என்றேன். மாதவிடாய் வந்தவள் சொல்லும் பதில் அது. அதற்குமேல் எந்த வீட்டிலும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். நல்ல வசதியாகப் போயிற்று. ஏழு நாள் பத்தாகி, பத்து பத்தொன்பதாகியது. நோன்பு மாதத்திலும் அந்தப் பொய்யை விடவில்லை. மாதவிடாய் என்று இரவில் தராவீஹ் தொழப் போகாதவள் நோன்பு பிடிக்கவும் கூடாதல்லவா? உம்மா பகலில் சோறு போட்டுத் தருவா. நான் அதைப் பின்வளவில் கோழிகளுக்குக் கொட்டிவிட்டுக் களவாக நோன்பு பிடித்தேன். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கோழிகள் கொழுத்துப்போயின.

கடைசியில் உம்மா பொறுக்க மாட்டாமல் என்னை இந்த டொக்டரிடம் கூட்டி வந்தா. எல்லாவற்றையும் உம்மாவே கதைத்தா. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி ஒன்றும் அகப்பட்டுவிட்டது. மூன்று மாதம் குளிசை போட்டுப் பார்ப்போம், ஒன்றுக்கும் கேட்காவிட்டால்தான் கர்ப்பப்பையை எடுக்க யோசிக்கலாம் என்றார் டொக்டர். உம்மாவின் காதில் ஏறியது அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான். மூன்று மாதக் குளிசை முடிந்தும் நான் பத்தொன்பதைக் குறைக்கவில்லை.

நேற்றுப் பகல் சாப்பிடும்போது றிஸ்கான் சொன்னார்: "ஒரு ஆம்புளப் புள்ள வேணுமெண்டு எனக்கு ஆசதான். ஆனா நீ இல்லாட்டி எனக்கு என்னத்துக்கு அது? எடுக்கச் செல்லுவம்."

என் பொய்க்காக இந்த மனிதர் தன் ஆசையைத் தூக்கிப் போடுகிறார். வெட்கமாக இருந்தது. இவ்வளவு நல்லவராக இருந்து தொலைக்கிறாரே என்று கோபமும் வந்தது. அப்போதும் பொய்யை விடாமல், அவருக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், நிதானமானவர்.

"மாதத்தில எத்தனை நாள் போகுது?"

"பத்தொம்பது நாள் டொக்டர்" என்றார் றிஸ்கான். "எடுத்துடுங்க. எங்களுக்குச் சம்மதம்."

"அவங்களத்தான் கேட்டனான். இவ்வளவு இரத்தம் போறவங்களுக்கு இரத்தம் கொஞ்சமும் குறையல்லயே. ஜெனூபா, நீங்க சொல்லுங்க."

இப்போதும் பேசாவிட்டால் ஒரு குற்றமும் செய்யாத கர்ப்பப்பையை வெட்டி எறியப் போகிறார்கள். "எனக்கு ரத்தம் போறல்ல" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பின்னால் அடக்க முடியாததை, கட்டுகிற துணியை, கோழிக்குப் போட்ட சோற்றை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். றிஸ்கான் பக்கம் திரும்பவேயில்லை.

டொக்டர் முகம் சுளிக்கவில்லை. "பிள்ளை பிறக்கேக்க ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கிற தசையும் கிழிஞ்சிருக்கும். பார்த்துத்தான் சொல்லலாம். முதல்ல பயிற்சி, மலம் இறுகுறதுக்கு மருந்து. அதுக்குக் கேட்காட்டி சத்திரசிகிச்சை நிபுணர் தசையைத் தைப்பார். கனபேருக்குச் சுகம் வரும். ஆனா வருசம் போகத் திரும்பத் தளரவும் கூடும். சிலருக்குக் காயம் ஆறும்வரைக்கும் வயித்தில துவாரம் போட்டு மலம் போக ஒரு பை வைப்பாங்க. தைச்ச பிறகு பிள்ளை பெறுறதெண்டா சிசேரியன்தான் நல்லது. அதால, பிள்ளை முந்தியா தையல் முந்தியா எண்டு ரெண்டு பேரும் யோசியுங்க."

"தையல் முந்தி" என்றார் றிஸ்கான் உடனே.

"என்னக் கேக்காம செல்லாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பயிற்சியச் செஞ்சி பாக்கன் டொக்டர். அந்த நிபுணருக்கும் கடிதம் தாங்க. பைய நினைச்சாப் பயமா இரிக்கி, அவருக்கிட்டயே கேக்கன். புள்ளயப் பத்தி இப்ப எனக்குச் செல்லத் தெரியா."

வெளியே வந்து பைக்கில் ஏறி உட்கார்ந்த றிஸ்கான் சாவியைத் திருப்பவில்லை. "நாலு வருசம்" என்றார். "என்னப் பேயனாக்கிட்டாய். நானும் வந்து எடுங்க எடுங்கண்டு நிண்டன்." கண் கலங்கியிருந்தார். "ஓம்" என்றேன்.

அவருடைய போன் அடித்தது. உம்மா. போனை என்னிடம் நீட்டினார். "நீயே செல்லு."

"என்னவாங்கா? எடுக்கச் சென்னாவா?"

"இல்ல உம்மா. எனக்கு ரத்தமே போறல்ல. அப்னா பொறந்ததிலரிந்து பின்னால அடக்க ஏலாம இரிக்கி. அதுக்குத்தான் தொழுகையில்லண்டு பொய் சென்னன்."

ஏசப்போகிறா, ரோட்டில் நின்று கதைக்கிற கதையா இது என்று கத்தப்போகிறா என்று காத்திருந்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன்.

"புள்ள" என்றா உம்மா. குரல் இறங்கியிருந்தது. "அந்த டொக்டர் வயசான பொம்புளயளயும் பாப்பாவா?"

"ஆருக்கு உம்மா?"

"எனக்குத்தான். நீ பொறந்ததிலரிந்து."

முப்பத்தொரு வருடம். றிஸ்கானை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, உம்மாவின் பெயரைப் பதிந்துகொள்ளத் திரும்ப உள்ளே போனேன்.