எண்ணெய்த் தலை

சதுரங்கப்பட்டினத்தில் பஸ் ஏறியதிலிருந்து பக்தவச்சலம் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

"மெஷின் படத்துல நோவு தெரிஞ்சா தம்பி கரையிலயே கெடக்கட்டும், சொர்ணம். தெரியலன்னா நாளைக்கே என்னோட கட்டுமரம் ஏறணும். குப்பமே சிரிச்சிகினு கீது."

சொர்ணம் ஜன்னலோரம் இருந்த புருஷன் காத்தவராயனைப் பார்த்தாள். போன ஐப்பசியில் கட்டுமரம் கவிழ்ந்து கடைசித் தம்பி கங்காதரன் போய்விட்டான். காத்தவராயன் மட்டும் கரை சேர்ந்தான். அன்றிலிருந்து கடல் பக்கம் திரும்புவதில்லை. சோற்றை மென்றுகொண்டே இருப்பான், விழுங்க மறந்துவிடுவான். மூத்தவர் பக்தவச்சலம் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரெபேக்காள் நர்ஸ் காத்தவராயன் தலையைத் தொட்டதும் கையை உதறினாள்.

"இன்னாம்மா, ஒரு படி எண்ணெய ஊத்திக்கீற?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரட்டத் தலையோட இட்டார முடியுமா? அதான் நல்லா தேச்சி வாரி உட்டேன்."

"எண்ணெ இருந்தா ஒயர் ஒட்டாது. அப்புறம் மூளையோட ஓட்டத்த மெஷின் எப்டி தாளுல வரையும்? சீயக்கா தரேன், குழாயடியில கழுவி இட்டுனு வா."

பக்தவச்சலம் சிரித்தார். "மீன் கொழம்புக்குக்கூட இவ்ளோ ஊத்த மாட்டா, நர்சம்மா."

நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, காத்தவராயன் குழாயடியில் குந்தினான். சொர்ணம் சீயக்காய் தேய்த்தாள். பக்தவச்சலம் வாளியைத் தூக்கினார். வீட்டில் அவன் முகத்தில் தண்ணீர் பட விடமாட்டான்; அவள் ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி.

"மெல்ல மாமா, மூஞ்சில மட்டும்..."

சொல்லி முடிப்பதற்குள் முழு வாளியும் கவிழ்ந்தது. காத்தவராயனுக்கு மூச்சடைத்தது. கை தரையைத் துழாவி, அகப்பட்ட அண்ணன் காலை மார்போடு இறுக்கிக்கொண்டது.

"கயித்த உட்டுடாதடா கங்கா. அண்ணாத்த கேட்டா நான் இன்னாடா சொல்லுவேன். உட்டுடாதடா."

பக்தவச்சலம் காலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, தம்பியின் முகத்தைத் தன் துண்டால் துடைத்தார்.

தலை காய்ந்த பிறகு படம் எடுத்தார்கள். டாக்டர் கோபாலகிருஷ்ணன் நீளத்தாளைப் புரட்டினார்.

"இதுல கோளாறு ஒண்ணுமில்ல. மனசுல அடிபட்டது இந்த மெஷினுக்குத் தெரியாது. குழாயடியில நடந்தத நர்ஸ் சொன்னாங்க, அதான் நோய். வைத்தியம் இருக்கு, மாசாமாசம் கூட்டிட்டு வாங்க."

கோளாறு இல்லை என்றதுமே சொர்ணம் மூத்தவர் முகத்தைப் பார்த்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"அப்ப நாளைக்கு மரம் ஏறணுமா, மாமா?"

"வாணாம்."

"குப்பத்துல கேப்பாங்களே, படத்துல இன்னா வந்துச்சின்னு."

"படம் கெடக்குது. நோவ நான் கண்ணால பாத்தேன்னு சொல்லிக்கிறேன்." பக்தவச்சலம் தம்பியின் தோளில் கை போட்டு பஸ் பக்கம் நடத்தினார். "அடுத்த தபா நானும் வரேன். நீ எண்ணெ வெக்காம இட்டுனு வா, அது போதும்."